உப்புப் போட்ட ஐசில் வந்த ஊசி

நான் நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐசுக்குள் உப்பைப் போட்டால் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே போகும் என்பதை, கண்ணாடி முகவைக்குள் வெப்பமானியை நிறுத்தி ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் பிழை, படிப்பில்லாத ஒருவரின் பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் மகள் ஜெனிற்றாவுக்கு இப்போது ஐந்து வயது நெருங்குகிறது. அவளுக்கு ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போடுவது என்று நானும் கணவர் அருளும் தீர்மானித்திருக்கிறோம். "சும்மா தடிமன் காய்ச்சலுக்கு யாழ்ப்பாணம் போய் ஊசியோ ரீச்சர்?" என்று கேட்கும் தாய்மார் இங்கே பலர். இறங்குதுறையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு மூன்றரை வயதாக இருந்த மார்கழி மாதம். முதல் நாள் வெறும் தடிமன்தான், மூக்கு ஒழுகியது. இரண்டாம் நாள் காய்ச்சல் நூற்று மூன்று. பரசிற்றமோல் பாணி கொடுத்தேன், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மூன்றாந் தவணை விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக மேசையில் கிடந்தன. நாளைக்குக் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று இரண்டாம் நாளும் நினைத்தேன், மூன்றாம் நாளும் நினைத்தேன். நான்காம் நாள் காலை உடுப்பு மாற்றும்போது, அவளுடைய விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டு இழுபட்டு வருவதைக் கண்டேன். மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கின. ஒரு மூச்சை உள்ளே எடுப்பதற்கு அந்தச் சின்ன உடம்பு முழுவதும் வேலை செய்துகொண்டிருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் எல்லோரும் வெப்பமானியைத்தான் பார்க்கிறோம். மூச்சையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. விலா இழுபடுகிறதா, குடிக்க மறுக்கிறதா, கூப்பிட்டால் கண் திறக்கச் சோம்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. நான் காத்திருந்தேன். அந்த இரண்டு நாட்களை இன்னும் மனதுக்குள் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்க்கிறேன்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளுடைய விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டினார். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது சொல்லும். தொண்ணூற்றைந்தோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஜெனிற்றாவுக்கு எண்பத்தொன்பது காட்டியது.

"அம்மா, இவவை யாழ்ப்பாணம் அனுப்பத்தான் வேணும். அம்புலன்ஸ் படகுக்குச் சொல்லிட்டன்," என்றார் டொக்டர்.

வாடைக் காற்று அடிக்கிற காலம். படகில் ஒட்சிசன் சிலிண்டரை அருள் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார். நான் பிள்ளையைப் பிடித்திருந்தேன். ஒரு மணி நேரம். குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் காத்திருந்தது. புங்குடுதீவு, வேலணை என்று ஊர்கள் பின்னால் போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கிளிப்பில் இருந்த இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் எட்டு நாட்கள் இருந்தோம். முதல் நாள் மூக்குக்குள் நீளமான பஞ்சுக் குச்சி ஒன்றை விட்டுச் சளி எடுத்தார்கள். எந்தக் கிருமி என்று அறிய. பிறகு இரத்தம். பிறகு எக்ஸ்றே. நெஞ்சுப் படத்தில் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும். காற்று இருக்கும் இடம் கறுப்பு. அவளுடைய வலது பக்கத்தின் கீழ்ப்பாதியில் வெள்ளைப் பனிப்புகார் படிந்த மாதிரி இருந்தது. "இன்புளுவென்சாவில் தொடங்கி நியுமோனியாவில் வந்து நிக்குது," என்றார் பெரிய டொக்டர். நியுமோனியா என்றால் நுரையீரலின் காற்றறைகளுக்குள் நீரும் சளியும் நிறைவது. மூக்கில் இரண்டு மெல்லிய குழாய்களால் ஒட்சிசன் கொடுத்தார்கள். புறங்கையில் கனுலா ஏற்றி மருந்து கொடுத்தார்கள். கனுலா என்பது இரத்த நாளத்துக்குள் விட்டு வைக்கும் சின்னக் குழாய். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குத்தாமல் இருப்பதற்கு. அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவளுடைய கையை ஒரு சிறு மட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். அவள் அந்தக் கைக்குப் "பொம்மைக் கை" என்று பெயர் வைத்தாள். மூன்றாம் நாள்தான் வைத்தாள். அதுவரை பேசவில்லை.

வாட்டில் தாய் மட்டும்தான் கூட இருக்கலாம். அருள் வெளியே வராந்தாவில் பாய் விரித்தார். பார்வையாளர் நேரத்தில் தவறாமல் வந்தவர் அவருடைய தமையன் தாஸ் அத்தான். அவர் நெடுந்தீவில் மீன் சேர்த்து, படகில் ஏற்றி, குறிகட்டுவானில் இருந்து லொறியில் யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டு போகிறவர். சந்தை முடிந்த கையோடு நேரே வாட்டுக்கு வருவார். இரண்டாம் நாள் நேர்ஸ் அக்கா மறித்துவிட்டார்.

"அண்ணை, இந்த மணத்தோடை உள்ளை வர ஏலாது. குளிச்சிட்டு வாங்கோ."

"தங்கச்சி, இது மணமில்லை, என்ரை அடையாள அட்டை," என்றார் அத்தான்.

ஆனால் அடுத்த நாளில் இருந்து எங்கேயோ குளித்து, பவுடர் பூசி, தலை வாரி, சொதியும் இடியப்பமும் வாங்கிக்கொண்டு வந்தார். வாட்டு முழுக்க அவருடைய பவுடர் மணந்தது. மீனே பரவாயில்லை என்று நேர்ஸ் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எட்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டொக்டர் கேட்டார்: "இவவுக்கு இன்புளுவென்சா ஊசி எப்பவாவது போட்டனீங்களோ?"

கிளினிக் அட்டையை நீட்டினேன். பிறந்த நாள் முதல் ஓர் ஊசியும் தவறவிடவில்லை; அந்த அட்டையில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் வடிவாப் போட்டிருக்கிறீங்கள். ஆனால் இது இந்த அட்டையிலை வராது அம்மா. தனியாத்தான் போட வேணும். வருசா வருசம்."

"வருசா வருசமோ?"

"ஓம். இந்த வைரஸ் வருசத்துக்கு வருசம் உடுப்பு மாத்தும். போன வருசத்து ஊசி போன வருசத்து உடுப்பைத்தான் அடையாளம் காணும். முதல் தரம் போடுற சின்னப் பிள்ளையளுக்கு மட்டும் இரண்டு ஊசி. ஒண்டு போட்டு நாலு கிழமைக்குப் பிறகு மற்றது. அதுக்குப் பிறகு வருசத்துக்கு ஒண்டு காணும். அடுத்த மாரிக்கு முந்தி இரண்டையும் முடிச்சுப் போடுங்கோ."

அதை நான் கைப்பேசியில் எழுதிக்கொண்டேன். அடுத்த மாரிக்கு முந்தி. இரண்டு.

முதல் ஊசி சுலபமாக முடிந்தது. ஐப்பசி தொடக்கம், கடல் குளம் மாதிரி. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் போட்டோம். அன்றிரவு கை கொஞ்சம் நொந்தது, உடம்பு இலேசாகச் சுட்டது, அடுத்த நாள் ஒன்றுமில்லை. ஊசியால்தான் இன்புளுவென்சா வரும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். இந்த ஊசிக்குள் இருப்பது உயிருள்ள வைரஸ் அல்ல, செயலிழந்த வைரஸின் துண்டுகள் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகும் இரண்டு நாள் அவளுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததை நானே முழுதாக நம்புவதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும்.

இரண்டாவது ஊசிக்குத்தான் வினை. ஜெனிற்றாவுக்குப் படகு ஒத்துக்கொள்வதில்லை. ஐப்பசியில், அந்த அமைதியான கடலிலேயே போகும்போதும் வரும்போதும் சத்தி எடுத்தாள். கார்த்திகையில் கடல் எழும்பத் தொடங்கிவிட்டது. பாடசாலையில் என் விடுமுறையும் முடிந்திருந்தது. தீவு ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டேன். புதிதாக வந்திருந்த இளம் பெண் டொக்டர். "மருந்தைச் சரியான குளிரிலை கொண்டு வந்தால் நான் இஞ்சையே போட்டுவிடுறன் ரீச்சர். இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையிலை இருக்க வேணும்," என்று சொல்லி, கடிதமும் எழுதித் தந்தார்.

கடிதத்தை வாங்கித் தாஸ் அத்தானிடம் கொடுத்தேன். அவர் வாரத்தில் மூன்று நாள் யாழ்ப்பாணம் போகிறவர். அவரிடம் நான் இரண்டு என்றோ எட்டு என்றோ சொல்லவில்லை. "குளிர் குறையக் கூடாது அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அழைத்தார்.

"பிள்ளை, ஊசி கிடைச்சிட்டுது. முதல் இரண்டு பாமசியிலையும் இல்லையெண்டிட்டினம். மூண்டாவதிலை ஒண்டே ஒண்டு இருந்தது."

"ஐஸ் காணுமோ அத்தான்?"

"என்னட்டையோ ஐஸ் காணுமோ எண்டு கேக்கிறீர்?" சிரித்தார். "அந்தப் பாமசிப் பெட்டை ஒரு சின்னப் பையிலை, ஐஸ்பழம் மாதிரி ஒண்டைக் கடதாசியிலை சுத்தி வச்சுத் தந்தாள். உது வேலணை தாண்டவே கரைஞ்சு போகும். நான் எங்கடை ரெஜிபோம் பெட்டியிலை மாத்திப் போட்டன்."

ரெஜிபோம் பெட்டி என்றால் அவர் மீன் அடுக்கும் வெள்ளைப் பெட்டி.

பதினொரு மணிக்கு மீண்டும் அழைத்தார். நான் வகுப்பில் இருந்தேன். ஒரு கையில் சிவப்புப் பேனை.

"லொறி பிந்துது பிள்ளை. வெயில் வேறை. குளிர் இறங்காமல் நிக்க ஒரு பிடி உப்பும் போடட்டோ?"

"ஓம் அத்தான், போடுங்கோ," என்றேன்.

மீன்காரர்களின் வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு ஆண்டுகள். நல்ல மீன் என்றால் கல்லுப்போல் இருக்க வேண்டும். அதற்கு ஐசில் உப்பு. அந்த நினைப்பில்தான் வாய் சொன்னது. முகவையும் வெப்பமானியும் படிப்பித்த மூளை அந்த நேரத்தில் எங்கே போயிருந்ததோ தெரியாது.

பின்னேரம் நாலரை மணிக்கு அவர் பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். டொக்டரிடம் அடுத்த நாள் காலைதான் நேரம். நான் குசினியில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். அடித்துத் தூளாக்கிய ஐசுக்குள் கையை விட்டபோது விரல்கள் விறைத்து நொந்தன. அடியில் பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இன்னொன்று. மருந்தின் சின்ன மட்டைப்பெட்டி ஒரு துளி நனையவில்லை. அதைத் திறந்து ஊசியை வெளியே எடுத்தேன். மருந்து ஏற்கெனவே நிரப்பப்பட்டு வரும் சிறிய ஊசி அது. உள்ளே தண்ணீர் மாதிரி இருக்க வேண்டிய மருந்து வெள்ளையாக, கட்டியாக நின்றது. சரித்துப் பார்த்தேன். அசையவில்லை.

கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். மட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளை விரித்தேன். எனக்குத் தெரிந்ததுதான் அதில் இருந்தது: உறைய விடக் கூடாது, உறைந்திருந்தால் பாவிக்கக் கூடாது.

ஊசியைப் பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன். அருள் வேலையால் வந்தபோது அதை எடுத்துக் காட்டினேன். அதற்குள் அது முழுவதும் உருகி, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

"இப்ப நல்லாத்தானே இருக்குது," என்றார்.

"உறைஞ்சு உருகினது."

"போட்டால் பிள்ளைக்குக் கெடுதலோ?"

"கெடுதல் இல்லையெண்டுதான் நினைக்கிறன். ஆனால் வேலை செய்யாது. வேலை செய்யாமலும் விடலாம். தெரியாது."

அவர் ஊசியைத் திரும்ப என்னிடம் தந்தார். "அண்ணையிட்டை என்னெண்டு சொல்லுறது? மூண்டு பாமசி ஏறி இறங்கினவர்."

அதுதான் எனக்கும் கவலை. இதை உறைந்த நிலையில் கண்டவள் நான் ஒருத்தி. நாளைக்கு டொக்டரும் தெளிவான மருந்தைத்தான் காண்பார். பேசாமல் இருந்தால் எல்லோருக்கும் மரியாதை. ஒருவேளை முழுவதும் பழுதாகியிருக்காது. ஒருவேளை முதல் ஊசியே அவளுக்குப் போதுமாக இருக்கலாம். கடலுக்குப் போக வேண்டாம் என்று நாளை மறுநாளில் இருந்து எச்சரிக்கையும் விட்டிருந்தார்கள். ஒருவேளை, ஒருவேளை என்று அன்றிரவு முழுக்க எனக்குள் ஒரு சட்டத்தரணி வாதாடிக்கொண்டே இருந்தாள். நல்ல கெட்டிக்காரி. அவளுக்கு எதிராக என்னிடம் இருந்தது ஓர் எக்ஸ்றேப் படம் மட்டும்தான்.

காலையில் தாஸ் அத்தான் அழுத்திய சேட்டுடன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். தான் கொண்டு வந்த ஊசியைப் போடுவதைப் பார்க்க வந்திருந்தார். ஜெனிற்றாவை மடியில் வைத்துக் கையைப் பிடித்தார். நேர்ஸ் சட்டைக் கையை மேலே சுருட்டினார். டொக்டர் ஊசியை யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"தெளிவா இருக்கு. குளிர் விடாமல்தானே கொண்டு வந்தனீங்கள்?"

"சும்மா குளிரில்லை டொக்டர்," என்றார் அத்தான். "கடுங்குளிர்."

டொக்டர் மூடியைக் கழற்றப் போனார்.

"டொக்டர், பொறுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது உறைஞ்சது. நேற்று நான் என்ரை கண்ணாலை கண்டனான். கட்டியா இருந்தது."

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "அப்ப இதைப் போட ஏலாது ரீச்சர்."

"உறைஞ்சால் என்ன டொக்டர்?" அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உறைஞ்ச மீன்தானே கெடாமல் கிடக்குது? ஐசிலை முட்ட விடாதேங்கோ எண்டு அந்தப் பெட்டை சொன்னவள்தான். முட்டேல்லை. மூண்டு பை போட்டுக் கட்டினனான்."

"அண்ணை, மீனை நாங்கள் சமைச்சுச் சாப்பிடுறம். இது சாப்பாடில்லை, உடம்புக்குக் கள்ளனைக் காட்டிக் குடுக்கிற படம். வைரஸின்ரை சின்னச் சின்னத் துண்டுகள் இதுக்குள்ளை இருக்குது. அதுகளின்ரை உருவத்தைப் பார்த்துத்தான் உடம்பு பழகும். உறைஞ்சால் அந்த உருவம் உடைஞ்சு போகலாம். வெளியாலை பார்க்கத் தெரியாது. போட்டால் நஞ்சில்லை. ஆனால் படமில்லாத சட்டத்தைச் சுவரிலை கொழுவின மாதிரி. போட்டாச்சு எண்டு நம்பிக்கொண்டு இருப்பீங்கள்." டொக்டர் தட்டில் இருந்த ஊசியைத் திருப்பிப் பார்த்து, "வெறும் ஐசிலை இப்பிடிக் கட்டியாகிறது குறைவு. உப்புக் கிப்புப் போட்டனீங்களோ?" என்று கேட்டார்.

அத்தான் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஓம் டொக்டர். அது என்ரை புத்தி. இவவுக்கு ஒண்டும் தெரியாது."

அதே வேகத்தில் நான் குறுக்கிட்டேன்: "இல்லை டொக்டர். அவர் என்னைக் கேட்டவர். நான்தான் போடச் சொன்னனான்."

நேர்ஸ் என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய மகன் எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறான். "ரீச்சர், நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறனீங்கள்?"

"விஞ்ஞானம்."

முதலில் சிரித்தவர் தாஸ் அத்தான்தான். பிறகு நேர்ஸ். டொக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு கடிதம் எழுதுவது போல் குனிந்தார். ஊசி தப்பியது என்று விளங்கிய ஜெனிற்றாவும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

"பயப்பிடாதேங்கோ," என்றார் டொக்டர். "முதல் ஊசி வீணாகாது. நாலு கிழமைக்குப் பிறகு எப்ப போட்டாலும் சரி, திரும்ப முதலிலை இருந்து தொடங்கத் தேவையில்லை. ஆனால் போட்டு இரண்டு கிழமை சென்றுதான் உடம்பு தயாராகும். மார்கழிக் காய்ச்சலுக்கு முந்திப் போட்டால் நல்லம்."

வெளியே வேம்பின் கீழ் வந்ததும் அத்தானின் முகம் மாறியது.

"நேற்றே தெரியுமோ உமக்கு?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் மூண்டு கடை ஏறி இறங்கி..."

"விசரி." கோபமாகத்தான் சொன்னார். "பிள்ளைக்குச் செத்த ஊசியைப் போட்டுப்போட்டு எனக்கு மரியாதை தரப் போனீரோ? மத்தியானப் படகு இருக்கு. நாளைக்கு ஓடுமோ தெரியாது. வெளிக்கிடும்."

முதலில் ஐப்பசியில் போட்ட அதே மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்டேன். இருக்கிறது, ஐந்து மணிக்கு முன் வாருங்கள் என்றார்கள். பிறகு அதிபருக்கு அழைத்தேன். விடுமுறை இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து நான்கு நியாயங்கள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "போயிட்டு வாரும். எட்டாம் வகுப்பை நான் பார்க்கிறன்," என்றார்.

படகில் கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஜெனிற்றா இரண்டு தரம் சத்தி எடுத்தாள், இரண்டும் அத்தானின் சாரத்தில். நான் துணியோடு பதறினேன். "விடும் பிள்ளை," என்றார். "இந்தச் சாரம் இதைவிட மோசமானதெல்லாம் கண்டிருக்கு."

மருத்துவமனையில் எங்களுக்கு முன்னாலேயே பிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தார்கள். கதவில் ஒரு சின்ன வெப்பமானித் திரை: நான்கு. அத்தான் கிட்டப் போய் அதைப் பார்த்தார். "நாலோ? இது குளிரே இல்லையே," என்று முணுமுணுத்தார். ஜெனிற்றாவின் கையில் ஊசி ஏறியது. அவள் கத்துவதற்கு வாயைத் திறந்து முடிக்கும் முன் முடிந்துவிட்டது.

ஊசி போட்ட டொக்டர் வயதானவர். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "அம்மா, நீங்கள் போட்டனீங்களோ?"

"என்ன டொக்டர்?"

"இந்த ஊசி. என்ன வேலை செய்யிறீங்கள்?"

"ரீச்சர்."

"இருமுற பிள்ளையளுக்கு நடுவிலை நாள் முழுக்க நிக்கிறீங்கள். பிறகு வீட்டை போய் இவவைக் கொஞ்சுறீங்கள். வீட்டுக்குள்ளை வைரஸைக் கொண்டு போறது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்?"

ஓர் ஆண்டாக இதையே நினைத்துக்கொண்டிருந்தவள் நான். தேதிகளைக் கைப்பேசியில் குறித்தேன், விரலில் மாட்டும் கிளிப் ஒன்றை வாங்கினேன், ஊசி வைக்கவென்று பிரிட்ஜைக் கழுவினேன். எனக்கும் ஒரு கை இருக்கிறது என்பது மட்டும் தோன்றவே இல்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினேன்.

டொக்டர் அத்தானைப் பார்த்தார்.

"எனக்கேன் டொக்டர்? நான் உப்பிலை ஊறினவன்."

"பிள்ளையைத் தூக்கிறனீங்கள்தானே?"

அத்தான் வாசலைப் பார்த்தார். நடுக்கடலில் இயந்திரம் நின்றாலும் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிற மனிதர், ஊசியின் மூடி கழன்ற சத்தத்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெனிற்றா அவருடைய மற்றக் கையைப் பிடித்து, "ஒண்டுமில்லைப் பெரியப்பா, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்," என்றாள். எறும்பு அல்ல, குளவி என்று அவர், இரவு தங்க உறவினர் வீட்டுக்குப் போகும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் படகு ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த உறவினர் வீட்டிலேயே நான்கு நாட்கள் மாட்டிக்கொண்டோம். மழை கொட்டியது. கை நொந்தது. அந்த நான்கு நாட்களும் நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

அந்த மாரி முழுக்கத் தீவில் இருமல். என் வகுப்பில் ஒருநாள் பாதிக் கதிரைகள் காலியாக இருந்தன. தை மாதம் ஜெனிற்றாவுக்கும் காய்ச்சல் வந்தது. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கிளிப் மாட்டினார்: தொண்ணூற்றெட்டு. தண்ணீர் நிறையக் கொடுக்கவும், மூச்சைக் கவனிக்கவும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அது இன்புளுவென்சாவா, வேறு ஏதாவது தடிமனா என்று எனக்குத் தெரியாது, பரிசோதிக்கத் தேவைப்படவில்லை. இந்த ஊசி எல்லாத் தடிமனையும் தடுக்காது. இன்புளுவென்சாவே வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகிற ஆபத்தைக் குறைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. எனக்கு அது போதும். இரண்டு நாள் அவளுடைய விலாவைப் பார்த்தபடி பக்கத்தில் இருந்தேன். தோல் இழுபடவில்லை.

மூன்றாம் நாள் நான் குசினியில் இருந்தபோது கட்டிலில் அவளைக் காணவில்லை. வெளியே மழை. முற்றத்தில் தேங்கிய வெள்ளத்துக்கு நடுவில், தகப்பனின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு, தலை முதல் கால் வரை நனைந்து குதித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியால் வந்த நாள் முதல் அவளிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. கிண்ணத்தை உடைத்தாலும், சோற்றைத் துப்பினாலும் வாயைத் திறக்க மனம் வராது. உடைந்துவிடக்கூடிய சாமானைப் போலவே ஓராண்டுக்கு மேல் அவளைக் கையாண்டிருந்தேன். அன்று அயல் வீடெல்லாம் கேட்கும்படி ஏசினேன்.

"எடியே! காய்ச்சல்காரிக்கு மழைக்குள்ளை என்னடி ஆட்டம்? வாடி உள்ளை! இண்டைக்கு உனக்கு முதுகிலை இருக்கு!"

அவள் திகைத்து நின்றாள். இப்படி ஓர் அம்மாவை அவளுக்கு ஞாபகமே இல்லைப் போலும். பிறகு முகத்தைக் கோணி, வாயைத் திறந்து அழத் தொடங்கினாள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரே மூச்சில், நடுவில் எங்கும் அறாமல், நீட்டி நீட்டி அழுதாள். நான் துவாயோடு வாசலில் நின்று அது முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.